சுற்றறிக்கையின் மூன்றாம் பக்கம்

புதன் காலை வந்தது.
ஏழு பக்கம், முதல் பக்கத்தில் யாரோ ஒருவரின் ஈரக் கட்டைவிரல்.
கொழும்பில் மழையாக இருந்திருக்கும்.
இங்கே உவர்மலையில் மின்விசிறிக்கே வியர்த்தது.

இனிமேல் ‘குற்றவாளிச் சிறுவன்’ என்று எழுதக் கூடாதாம்,
‘சட்டத்தோடு முரண்பட்ட பிள்ளை’ என்று எழுத வேண்டுமாம்.
ஹஸ்னா தட்டச்சு செய்து பார்த்தாள்.
படிவத்தின் கட்டம் ‘முரண்பட்ட’ வரைதான் பிடித்தது.
பிள்ளை வெளியே நின்றது.

‘ஏன் செய்தாய்’ என்று கேட்கக் கூடாது.
‘என்ன நடந்தது’ என்று கேட்க வேண்டும்.
பிள்ளையின் கண்மட்டத்தில் அமர வேண்டும்.
என் கதிரைக்கு மூன்று கால், நாலாவது செங்கல்.
பதினொரு வருடமாக அந்தச் செங்கலில்தான்
என் உத்தியோகம் நிற்கிறது.

வெள்ளிக்கிழமை அவனுடைய தவணை.
பெயர் எழுத மாட்டேன்; அது பழைய விதி, நல்ல விதி.
பதினான்கு வயதும் மூன்று மாதமும்.
ஊரின் பெயர் சல்லி,
கையில்தான் அது இல்லை.
மரியநாயகத்தின் படகில் இருந்து
இரண்டு கான் மண்ணெண்ணெய் எடுத்தான் என்பது முறைப்பாடு.
சிங்களத்தில் ஒன்பது வரி,
தமிழில் பெயர்த்தபோது நாலு,
அவன் சொன்னது ஒன்றே ஒன்று:
“ஓம், எடுத்தன்.”

பொலிஸ் அறையில் வைத்துக் கதைக்கக் கூடாது. பக்கம் இரண்டு.
நீதிமன்றத்தில் வேறு அறை கிடையாது.
இது எந்தப் பக்கத்திலும் இல்லை.
வளவில் வேம்புக்குக் கீழே
வடிகால் கட்டில் இரண்டு பேரும் இருந்தோம்.
கண்மட்டம் தானாகவே சரிவந்தது.

“என்ன நடந்தது?”

அவன் தன் செருப்பைப் பார்த்தான்.
இடது வாருக்குப் பதில் வலைக் கயிறு,
முடிச்சு நல்ல முடிச்சு.
ஒரு லொறி துறைமுகப் பக்கம் போனது.
சார்ஜன்ட் ஜயசுந்தர தூரத்தில் நின்று
எங்களைப் பாராதது போலப் பார்த்தார்.
பிள்ளை பேசாமல் இருந்தால் என்ன செய்வது?
பக்கம் மூன்று என்று ஞாபகம்.
புரட்டினேன்.

பின்னால் நின்ற மானை நான் காணவில்லை.
கோட்டைப் பக்கத்து மான்,
பஸ் நிலையத்தில் வடைச் சரைகளில் வளர்ந்தது,
பிடியாணைக்கெல்லாம் பயப்படாது.
மூன்றாம் பக்கத்தை மட்டும் அளந்தெடுத்து
வாயில் வைத்துக்கொண்டது.

நான் கத்தினேன்.
அவன் கத்தவில்லை.
எழும்பி, மானின் தாடையை ஒரு கையால் ஏந்தி,
மீனின் வாயில் தூண்டில் கழற்றுவது மாதிரி
மெதுவாக இழுத்தான். பாதி வந்தது.
“பேப்பர் பரவாயில்லை மிஸ்,” என்றான்.
“ஷொப்பிங் பேக் எண்டாத்தான் சாகும்.”

பிறகு, இருக்காமலே, மானைத் தடவிக்கொண்டே சொன்னான்:
“மூண்டு மாசம் அவரோட கடலுக்குப் போனன்.
நாளைக்கு ஆயிரம் எண்டவர்.
தாறன் தாறன் எண்டு, கடைசியா
நீ சின்னப் பெடியன், உனக்கென்ன கூலி எண்டவர்.
ரெண்டு கான் கணக்குக்குக் காணாது மிஸ்.
மிச்சம் அவர் எனக்குத் தரோணும்.”

ஒன்பது வரியில் இது இல்லை.
நாலு வரியிலும் இல்லை.
படிவத்தில் ‘காரணம்’ என்ற கட்டம்
என் சுண்டுவிரல் அகலம்.
ஓரத்தில் எழுதினேன், திருப்பி எழுதினேன்,
முத்திரை வைக்கும் இடத்திலும் எழுதினேன்.
நீதவான் தாளைச் சாய்த்துச் சாய்த்து வாசித்தார்,
மூக்குக் கண்ணாடியைக் கழற்றி ஒருமுறை,
போட்டு ஒருமுறை.

பிள்ளை தாயோடு வீட்டுக்கு.
அடுத்த தவணை இருபத்தேழாம் திகதி.
தொழில் திணைக்களத்துக்கு ஒரு கடிதம்,
மரியநாயகத்துக்கு ஒரு அழைப்பாணை.
வெற்றி என்று இதைச் சொல்ல மாட்டேன்.
நிலாவெளி பஸ்ஸுக்குத் தாயிடம் காசு போதவில்லை,
அதற்கு எந்தப் பற்றுச்சீட்டும் இல்லை.

திங்கள் ஹஸ்னா கோப்பைக் கட்டும்போது
பல் பதிந்த பாதித் தாளைத் தூக்கிக் காட்டினாள்.
“மூன்றாம் பக்கம் திரும்ப அனுப்பச் சொல்லி எழுதட்டா?”

எழுது என்றேன்.
எழுதியிருக்கிறாள்.
இன்னும் வரவில்லை.