கிரில்லுக்குப் பின்னால்

கடையநல்லூரில் ஆனி பிறந்துவிட்டால்
கொடியில் துணி நிற்க ரெண்டு கிளிப்பு பத்தாது.
மலையிறங்கும் காற்று
ஒவ்வொரு தகரக் கதவையும் தட்டிப் பார்த்துவிட்டுத்தான்
அடுத்த தெருவுக்குப் போகும்.
அந்த ஊரில் மசூது பாய் வீட்டில்
ஒரு ஜன்னலும் திறப்பதில்லை.

ஷார்ஜாவில் இருபத்தோரு வருஷம் இருந்தவர்.
அங்கே இருந்த மாதிரியே வேண்டுமென்று
தளத்துக்கும் ஜிப்சம் கூரைக்கும் நடுவே
தகரக் குழாய் ஓடவிட்டார்.
அறைக்கு ஒரு கிரில்.

மகள் முஃபீதாவுக்கு ஒன்பது வயசு.
ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சுக்குள்
யாரோ ஈரத்துணியைக் கிழிக்கிற சத்தம்.
தென்காசியில் காட்டினார்கள். ஹைகிரவுண்டில் காட்டினார்கள்.
தலையணையை மாற்றினார்கள்.
பூனையைச் சொக்கம்பட்டிக்கு அனுப்பினார்கள்.
கடைசியில் ஒரு டாக்டரம்மா கேட்டாராம்,
"உங்க வீட்டு ஏசிக் காத்து எது வழியா வருது?"
அப்படித்தான் வண்ணாரப்பேட்டையில் இருக்கிற எனக்கு
போன் வந்தது.

ஏணியில் ஏறி ஹாலில் முதல் கிரில்லைக் கழற்றினேன்.
விரலை விட்டேன், விரலைக் காணோம்.
சாம்பல் நிறத்தில் அவ்வளவு மெத்தென்று.
டார்ச் பிடித்திருந்த ஆவுடையப்பன் சொன்னான்,
"அண்ணே, பூனை சொக்கம்பட்டிக்குப் போகல.
இங்கனதான் இருக்கு."

பிரஷ் சுழன்றது, உறிஞ்சி இரைந்தது.
செம்மண், கரப்பான் சிறகு,
ஏதோ நிக்காஹ் வீட்டு ஜிகினாத்தூள்,
காய்ந்து காகிதமாகிவிட்ட ஒரு பல்லி.
எல்லாம் பைக்குள் போயின.
பிள்ளை படுக்கிற கிழக்கு அறையில்
குழாய் வளைகிற இடத்தில்
பிரஷ் நின்றுவிட்டது.

தலையை உள்ளே விட்டுப் பார்த்தேன்.
பாதி சிமென்ட் சாக்கு. திணித்து வைத்தது.
ஏழு வருஷக் குளிரும் ஈரமும் குடித்து
மழையில் மறந்த தோல்செருப்பு மாதிரி
பூஞ்சை பிடித்திருந்தது.
அதற்குப் பின்னால் தகரத்தில், பென்சிலில்:
கி. ரூம் 11 இஞ்சு. ச.

ச என்றால் சங்கிலி. நான்தான்.
வாலை இப்படி இழுத்துவிடுகிற ச
வேறு யாருக்கும் கிடையாது.

அப்போது மதுரைக் கம்பெனியில் தினக்கூலி.
மேலே இருந்து தூசி விழாமலிருக்கச் சாக்கை அடைத்தது,
கடைசி பஸ்ஸுக்கு ஓடியது,
நாளைக்கு எடுக்கணும் என்று நினைத்தது
எல்லாம் ஞாபகம் இருக்கிறது.
நினைத்தது மட்டும்
இப்போது நானாகச் சேர்த்துக்கொண்டதோ என்னவோ.

"என்ன சாக்கு அது?" கீழேயிருந்து பிள்ளையின் உம்மா.
"கட்டட வேலைக்காரன் விட்டுட்டுப் போனது" என்றேன்.
அதில் பொய் ஒன்றும் இல்லை.

மருந்துப் புகை அடித்தால்
ரெண்டு மணி நேரம் யாரும் உள்ளே வரக்கூடாது,
ஜன்னல் திறந்திருக்க வேண்டும்.
திறக்குமா? பெயின்ட் காய்ந்து இறுகிப்போயிருந்தது.
பாய் உள்ளங்கையால் அடித்துப் பார்த்தார்,
அப்புறம் என் சுத்தியலை வாங்கினார்.
திறந்ததும் காற்று, வட்டி கேட்க வந்தவன் மாதிரி
செருப்பைக்கூடக் கழற்றாமல் நுழைந்து
காலண்டரை மார்கழிக்குப் புரட்டிவிட்டு நின்றது.

காருக்குள் உட்கார்ந்திருந்த முஃபீதா
கண்ணாடியை இறக்கிக் கேட்டாள்,
"மாமா, உள்ள என்ன இருந்துச்சு?"
"உன் பூனைமுடி."
"அதுக்குப் பேரு கடலை மிட்டாய்.
கொஞ்சம் முடி தருவீங்களா?"
தரக்கூடாது என்று சொல்ல
எனக்கு நேரம் பிடித்தது.

பிள்ளைக்குச் சரியாகிவிடும் என்று
நான் சொல்லவில்லை. அதை டாக்டரம்மா சொல்லட்டும்.
மாசாமாசம் பில்டரைக் கழுவச் சொன்னேன்.
பதினெட்டாயிரம் பேசியது, பதினொன்று எழுதினேன்.
"ஏன் குறைச்சிட்டீங்க?"
"நினைச்ச அளவுக்குத் தூசி இல்ல பாய்."
இது பொய்.

ஆலங்குளம் தாண்டும்போது காற்றாடிகள் இருட்டில்
சிவப்பாகக் கண் சிமிட்டின.
ஆவுடையப்பன் பின்னால் திரும்பிப் பார்த்தான்.
"அந்தச் சாக்கை மட்டும் எதுக்குண்ணே
தனியா கட்டி வச்சிருக்கீங்க?"

"நாறுது. கண்ணாடிய இறக்குடே" என்றேன்.