சிங்கிலி முதல் முயல்தீவு வரை

தண்ணிக்கு அடியில் என் கணக்கு வேறு.
முக்குளித்தால் மூச்சை முடிந்துகொள்ள வேண்டும்,
சேலைத் தலைப்பில் சில்லறை முடிவதுபோல.
விரலுக்குத் துணி சுற்றி, காலுக்குத் தட்டுக் கட்டி,
மரிக்கொழுந்துப் பாசியைப் பாறை விட்டுக்கொடுக்கும்வரை
ஒரு குமிழிகூடச் செலவழிக்காமல்
இருபத்தேழு வருசம்.

நிமோனியா வந்து போன பிறகு
சின்னப்பாலத்திலிருந்து பஸ் மாறி பஸ் மாறி
ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரி.
மூணு பந்து போட்ட பிளாஸ்டிக் டப்பா கொடுத்தார்கள்.
உறிஞ்சினேன்.
முதல் பந்து லேசாக அசைந்து
சாமியாடத் தயங்குகிறவள் மாதிரி உட்கார்ந்துகொண்டது.
மற்ற ரெண்டும் என்னைத் திரும்பியே பார்க்கவில்லை.

“செவ்வாக்கிழமை வாங்க நம்புதாய், பாடணும்”
என்றாள் தஸ்லிமா, பிசியோதெரபி படித்த பெண்.
பாட்டா? நானா?
“ராகம் கேக்கல. நீங்க மூச்சு விடுறதைத்தான் கேக்கப்போறேன்.”

எக்ஸ்ரே அறைக்குப் பின்னால் ஒரு நீள ஹால்.
கருவேல மூட்டத்துப் புகையைப்
பதினாறு வருசம் குடித்த சாயல்குடிக்காரர்,
ஹாரனைத் தவிர வேறு சத்தம் எழுப்பியறியாத
டிரைவர் ஜபருல்லா,
வாலிநோக்கம் உப்பளத்து இருளாயி, நான்.
சுவரைப் பார்த்து நின்று ‘ஆ’ என்றோம்.
நாலு பஞ்சர் டயர்.

பாட்டு தொண்டையில் இருக்கிறதென்று
யார் சொன்னார்களோ.
மறுநாள் விடிந்தபோது
கரைவலை இழுத்தவள்போல விலா வலித்தது.
அடிவயிறு கல்லாகி, முதுகு வேர்த்து,
நடுவில் இருமல் வந்தால் பாவாடை நனைந்து
(அதை நானும் இருளாயியும் மட்டும் பேசிக்கொண்டோம்,
பேசிச் சிரித்ததில் இன்னும் கொஞ்சம் நனைந்தது).

இழுக்கிறது யாரும் இழுப்பார்கள்,
விடுவதுதான் வேலை என்கிறாள் தஸ்லிமா.
நங்கூரக் கயிறு மாதிரியா என்று கேட்டேன்.
அவள் நங்கூரம் போட்டதில்லை.
மொத்தமாகக் கைவிட்டால் கயிறு உள்ளங்கையைத் தின்றுவிடும்;
உரசிக்கொண்டே, விரல் விரலாய், போக விட வேண்டும்.
“அதேதான்” என்றாள்.
அதேதான் என்றால் எளிதா?
முடிந்தே பழகிய கைக்கு அவிழ்க்கத் தெரியவில்லை.

சாமிப் பாட்டு எடுத்தால்
ரெண்டாம் வரியில் சாமியே மறந்துபோகிறது.
மறக்காதது தீவுகள்தான்.
வல்லம் போகிற வரிசையில், ஒரே மூச்சில்,
ஒவ்வொரு பேரின் வாலையும் கொஞ்சம் ஆடவிட்டு:
சிங்கிலி, குருசடை, புள்ளிவாசல்,
பூமரிச்சான், மனோலிப்புட்டி,
மனோலி,
முயல்தீவு.

முதல் வாரம் குருசடையில் மூழ்கினேன்.
கச்சான் வீசத் தொடங்கியபோது புள்ளிவாசல்.
பூமரிச்சானில் ஒரு மாதம் தரைதட்டி நின்றேன்,
நகரவே இல்லை.
மீன் அலசிக்கொண்டே பஞ்சவர்ணம் வேலிக்கு மேலே கேட்பாள்,
“இன்னைக்கு எதுவரைக்கும் மதினி?”

அங்கெல்லாம் கால் வைக்கக் கூடாது இப்போது.
வனத்துறைப் படகு வந்தால்
பாசியும் போகும், சாக்கும் போகும், அபராதம் தனி.
நானோ காலையில் ஒரு தரம், விளக்கு வைக்கும்போது ஒரு தரம்
தடுத்த இடமெல்லாம் போய் வருகிறேன்.
பிடிக்கட்டும்.

சாயல்குடிக்காரர் ரெண்டு செவ்வாயாக வரவில்லை.
யாரும் கேட்கவில்லை.
‘ஆ’ சொல்லும்போது
அவர் நின்ற பக்கம் சுவர் கொஞ்சம் கூடுதலாக எதிரொலிக்கிறது.
போன வாரம் ஜபருல்லாவுக்கு மூணாவது பந்து ஏறியது.
பஸ்ஸை மேட்டில் ஏற்றிய முகம் அவருக்கு.
எனக்கு ரெண்டு.

இனி முக்குளிக்க வேண்டாம் என்று
சீட்டில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்கள்.
தட்டும் கண்ணாடியும் ஆணியில் தொங்குகின்றன.
காற்றடித்தால் தட்டு மட்டும் சுவரில் மோதித் தாளம் போடும்,
கேட்காத நேரத்தில்.

நேற்று மனோலியைத் தாண்டினேன்.
‘முயல்’ வரை வந்துவிட்டது.
‘தீவு’க்கு மூச்சில்லை.
சரி, தீவு எங்கே போகப்போகிறது,
கிடக்கட்டும் தண்ணியில்.