நீலம் நிற்கும் குழி

பதினோரு நிமிடம் கழிந்தும்
நீலம் போகவில்லை என்றால்
அந்தக் குழியில் ஒரு மூச்சு நின்றிருக்கிறது.

அதைத்தான் தேடுகிறாள் டெர்வ்லா,
கார்லோ நகரம் முடிந்து
கோதுமை தொடங்கும் இடத்தில்,
சன்னலை மழை தட்டாத நாள் அரிதான
ஓர் ஆய்வுக்கூடத்தில்.

தொண்ணூற்றாறு குழிகள் கொண்ட தட்டு.
குழிக்கு நாலு மிளகு கொள்ளும்.
கோதுமை இலையைத் திட்டுத் திட்டாய்த் தின்னும் பூஞ்சையை
வளர்த்து, வடித்து, பனிக்கட்டிமேல் வைத்து அரைத்து
அதன் சுவாச நொதியைப் பிரித்திருக்கிறாள்.
இலை இல்லை. உடல் இல்லை. பசிக்க ஒரு வயிறும் இல்லை.
ஆனாலும் தீனி போட்டால்
நொதி வேலையைத் தொடங்கிவிடுகிறது,
முதலாளி செத்த சேதி எட்டாத
கணக்குப்பிள்ளை மாதிரி.

எலக்ட்ரானை வாங்கும்; அடுத்த கைக்குத் தள்ளும்.
அடுத்த கையாக அவள்
ஒரு நீலச் சாயத்தை நிறுத்தியிருக்கிறாள்.
வாங்கிய சாயம் வெளுக்கும்.
ஏதோ ஒரு சேர்மம் போய் வழியை அடைத்தால்
நீலம் நீலமாகவே நிற்கும்.

ஆக, இந்த அறையில்
ஒன்றும் நடக்காததுதான் நல்ல செய்தி.

மூவாயிரத்துச் சொச்சம் சேர்மங்கள்,
பூண்டு வாடை வீசும் கரைப்பானில்.
பெயர் கிடையாது, எண்தான்.
பெரும்பாலும் வெளுப்பு. வெளுப்பு. வெளுப்பு.
ஒருமுறை வரிசை முழுக்க நீலம் நின்றது.
யாரிடமும் சொல்லாமல் மறுபடி செய்து பார்த்தாள்:
குழாய்முனை அடைத்து
நொதியே விழாமல் போயிருந்தது.
இறப்பதற்கு அங்கே யாரும் இல்லை.

மே மாதம் 2218 நின்றது.
இரண்டு மடங்கு, நான்கு, எட்டு மடங்கு நீர்த்தும் நின்றது.
பதினாறில்தான் லேசாய் வெளிறியது,
பலமுறை துவைத்த சட்டையின் கழுத்துப்பட்டை போல.
மண்புழுவின் நொதியில் போட்டாள்: உடனே வெளுத்தது.
பன்றி இதயத்தின் நொதியில்: வெளுத்தது.
(நமக்குள்ளும் அதன் உறவுதான் உட்கார்ந்திருக்கிறது.
இந்த வரியைப் படிக்கும் கண்ணுக்குப் பின்னாலும்
இப்போது அதே கைமாற்று.)
அன்றைக்குத்தான் அவள்
குடையை மறந்து வீட்டுக்கு நடந்தாள்.

ஜூனில் வந்தார் ஃபீக்ரா.
ரொட்டி வாங்கிய பையில் கோதுமை இலைகள்,
பழுப்புத் திட்டுக்குள் மையிட்ட மாதிரி கரும்புள்ளிகள்.
"போன வருஷம் இது மருந்து,
இந்த வருஷம் தண்ணீர்" என்றார்.
மாட்டுக்கு நேரமாகிறது என்று
தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

அவளிடம் இருந்த பூஞ்சை
இருபத்தாறு வருடமாக உறைபெட்டியில் தூங்குவது;
எந்த மருந்தின் முகத்தையும் பார்க்காதது.
வெளியே மழையில் கிடந்தது
வேறு பள்ளிக்கூடம் போயிருந்தது.

நாலு வாரம் வளர்த்தாள்.
புது நொதி. அதே தட்டு. அதே 2218.
நாலாம் நிமிடம் லேசான கலக்கம்.
ஏழில், மழைவிட்ட வானத்தின் நிறம்.
பதினொன்றில்
பாத்திரம் கழுவின தண்ணீர்.

மரபணுவை எழுத்தெழுத்தாய்ப் படித்தார்கள்.
மாறியிருந்தது ஒன்றே ஒன்று.
கொல் என்று இங்கிருந்து எழுதி அனுப்புவதை
கொள் என்று வாசித்துக்கொண்டிருக்கிறது
ஃபீக்ராவின் வயல்.
எந்த மழையில், எந்த இலையில்
அந்த நாக்கு மடிந்தது,
யாரும் பார்க்கவில்லை.
முப்பது ஏக்கரில் ஒரு புள்ளி போதும்.

அவர் தொலைபேசியில் கேட்டார்,
என் இலை என்ன சொல்லிற்று?
டெர்வ்லா சற்று நேரம் பேசவில்லை.
பிறகு, "அடுத்த விதைப்புக்கு வேறு ரகம் போடுங்கள்" என்றாள்.
"அப்படியா" என்றார். மழை பற்றிக் கொஞ்சம் பேசினார்கள்.

உறைபெட்டியில் பழைய பூஞ்சைக்குப் பக்கத்தில்
புதுக் குப்பி ஒன்று; மேலே
பேனாவில் அவர் பெயர், தேதி.
இனி எந்தத் தட்டிலும்
முதல் வரிசை அதற்குத்தான்.

2219.
கைகள் பனிக்கட்டியில் மரத்திருக்கின்றன.
நிறுத்துகடிகாரத்தை
முழங்கையால் அழுத்துகிறாள்.