கதவுக்கு அடியில் ஆறு மில்லி

ஏழு கதவு, ஏழு கோடு என்றேன்.
தெய்வாத்தாள் பீரோ சாவியை முந்தானையில் முடிந்தபடி
"கோடே வேண்டாங்க.
ஆசாரத்துல இருந்து சமையக்கட்டு வரைக்கும்
ஒரே தண்ணியாட்டம் கெடக்கோணும்" என்றார்.
தண்ணிக்கும் கரை உண்டுங்க என்று சொல்ல வந்து
பழமொழி மாதிரி இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

பல்லடத்தில் மாசி மாதம்.
பக்கத்துக் கொட்டகையின் தறிச்சத்தம்
சுவர் வழியாக இறங்கி உள்ளங்கால் வரைக்கும் வரும்.
தளக்கலவை போட்டவன் வேறு ஆள்;
அறையையும் ஆசாரத்தையும்
ஒரே மூச்சில் இழுத்துவிட்டுப் போயிருந்தான்.
நிலவுக்கால் இரண்டும் நெருங்கும் இடத்தில்
கலவை காய்ந்து தானாகவே கீறியிருந்தது,
முடியளவு, கோணலாக,
யாரையும் கேட்காமல்.

வெள்ளகோவிலில் ஒரு வீடு.
அங்கேயும் கோடு வேண்டாம் என்றார்கள். சரி என்றேன்.
சித்திரை, மத்தியானம் மூன்று மணி,
சாப்பிட்டுப் படுத்திருந்தவர்கள்
சிலிண்டர்தான் வெடித்ததென்று தெருவுக்கு ஓடியிருக்கிறார்கள்.
உள்ளே, அறை வாசலில்,
நாலு டைல்ஸ் நெற்றியோடு நெற்றி முட்டிக்
கிடாய் மாதிரி எழுந்து நின்றன.
பதினான்கு பெட்டி. என் கைக்காசு.
இதைச் சொன்னபோது தெய்வாத்தாள்
பெட்டி என்ன விலை என்று மட்டும் கேட்டார்.
"செரி, போடுங்க. ஆனாக் கண்ணுக்குத் தெரியக் கூடாது."

கதவைச் சாத்தினேன்.
பலகைக்கு அந்தப் பக்கம் ஒரு பென்சில் கோடு,
இந்தப் பக்கம் ஒன்று.
திறந்து, நடுவில் ஒன்று.
கட்டர் அந்த நடுவில் இறங்கியது.
வெட்டுக்கு வெளியே ஓடிய கீறலை
எபாக்ஸி ஊற்றித் தைத்தேன்.
கீழே வெட்டு, மேலே இடைவெளி,
ஒன்றின்மேல் ஒன்று நிற்கவேண்டும்;
இரண்டு விரற்கடை தள்ளிப்போனாலும்
தரை தன் வழியில்தான் பிளக்கும்.
உள்ளே நுரைக்கயிறு, மேலே சிலிகான்,
டைல்ஸின் சாம்பலைவிடக் கொஞ்சம் கருத்த சாம்பல்
(திருப்பூர்க் கடையில் அதற்குமேல் ஒத்த நிறம் இல்லை).
ஒடிசாவிலிருந்து வந்த பிகாஷ்
சோப்புத்தண்ணியில் விரல் நனைத்து
ஒரே இழுப்பில் தடவி முடித்தான்.

பால் காய்ச்சின அன்றைக்கு
ஒரு கதவையும் யாரும் சாத்தவில்லை.
நான் யோசிக்காதது அதுதான்.
ஏழு கோடும் ஒறம்பரைக்கு முன்னால்
பளிச்சென்று கிடந்தன.
காங்கேயத்துப் பசுகூடத் தலைவாசலில் நின்று
முதல் கோட்டை மோந்துவிட்டுத்தான் உள்ளே வந்தது.
"இதென்னுங்க, புது ஊட்டுல கீறல்?"
பங்காளி ஒருவர் குனிந்து கேட்டார்.
"அது ஊடு மூச்சு உடறதுக்குங்க" என்றார் தெய்வாத்தாள்,
பிறந்ததிலிருந்து தெரிந்தவர் மாதிரி.
மூச்சு இல்லை, நகர்வு.
திருத்த வாயெடுத்தேன்,
பந்திக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

சித்திரையில் பாக்கி வாங்கப் போனேன்.
கோட்டுக்கென்று ஆயிரத்து இருநூறு பிடித்துக்கொண்டு
மீதியை எண்ண ஆரம்பித்தார்.
எண்ணி முடிப்பதற்குள் நான்
படுக்கையறை வாசலில் குனிந்து
கட்டைவிரலை வைத்தேன்.
சிலிகான் பிதுங்கியிருந்தது,
ஒரு மில்லிக்கும் குறைவாக.
ஆசாரம் அங்கிருந்து தள்ளிக்கொண்டிருந்தது.
"என்னுங்க தேடறீங்க?"
ஒண்ணுமில்லீங்க, என்றேன்.