அரைத்த மாவு

இரண்டாம் பாகம் என்றால்
அரைத்த மாவையே அரைப்பது என்பார்கள்.
பிர்னோ நகரில், டிராம் பணிமனைக்குப் பின்னால்,
நான்காவது மாடியில்
பதினேழு பேர் அதை மறுத்துக்கொண்டிருந்தோம்.

வெள்ளைப் பலகையில் புதியவை:
குளிர்காலம் இனி உண்மையிலேயே குளிரும்.
குதிரை தின்னும். தின்னாவிட்டால் சாகும்.
பீரங்கி சேற்றில் புதையும்,
இழுக்கப் பதினெட்டு எருது கேட்கும்.
தூதன் வழியில் குடித்துவிட்டுத் தூங்கிப்போகலாம்.
இது ஓட்டகாரின் யோசனை;
சொந்த அனுபவம் என்று சிரித்தோம்.

கடைசி வரி வெந்துலாவுடையது,
பச்சை மையில், பொடி எழுத்தில்:
ஒவ்வொரு சிப்பாயும் ஒரு வீட்டிலிருந்து வருவான்.

முதல் பாகத்தில் அப்படியில்லை.
ஐம்பது பொன் கொடுத்தால் நூறு ஈட்டிக்காரர்கள்
மழைக்குப் பிறகான காளான்போல் முளைத்தார்கள்.
எரித்த ஊர் மூன்று சுற்றில்
தானே கூரை வேய்ந்துகொண்டது.
நாற்பது லட்சம் பேர் வாங்கினார்கள்.
அந்தப் பணத்தில்தான் நான் பல் கட்டிக்கொண்டேன்.

இப்போது நாற்பத்தோராயிரம் பேருக்குப் பெயர் உண்டு.
ஒரு தொழில், ஒரு கதவு,
கதவருகில் யாராவது.

சோதித்துப் பார்க்க வந்தவர்கள் சண்டையையே விட்டுவிட்டார்கள்.
ஸ்பினெக் பதினோரு மணி நேரம் ஆடினான்,
ஒரு குண்டு வெடிக்கவில்லை.
பார்லி அறுவடை முடியட்டும் என்றான்.
"இது போர் விளையாட்டா, வேளாண் துறையா?"
ஓட்டகார் மேசையைத் தட்டியதில்
யாருடைய காபியோ கவிழ்ந்தது.

அப்புறம்தான் பிழை எண் 4117.
புரோகோப், மாவு ஆலைக்காரன், வயது ஐம்பத்திரண்டு.
மதிலை வளைத்த படை அவனை ஆற்றங்கரையில் கொன்றது.
ஆனாலும் அவன்
இலை உதிரும்போதெல்லாம் வீடு திரும்பி
கல்லைச் சுழலவிட்டான்.

தேடினால், பழைய நிரலின் ஒரு வரி
முதல் பாகத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வந்திருந்தது:
குறைந்ததை நிரப்பு.
பெயர் இல்லாதவரை
அது பிழையென்று யாருக்கும் தெரியவில்லை.

நீக்க வேண்டியவன் நான்.
விட்டுவிடலாமா, ஒருவன்தானே, என்று கேட்டேன்.
வெந்துலா ஆப்பிளைக் கடித்தபடி சொன்னாள்:
"அவன் பெண்டாட்டி இன்னும் இரண்டு தட்டு வைக்கிறாள்.
நிறுத்து."

வியாழக்கிழமை நிறுத்தினேன்.

சனிக்கிழமை இரவு ஸ்பினெக் கூப்பிட்டான்,
குரல் கிசுகிசுத்தது, பக்கத்தில் குழந்தை தூங்குகிறதுபோல.
ஆலை நின்றுவிட்டது.
மூன்று ஊர்க் கோதுமை மூட்டையிலேயே கிடக்கிறது.
முற்றுகைப் படையின் ரொட்டியும்
அந்த ஒரே கல்லிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது.
அவர்களுக்குத் தெரியாது.
எழுதிய எங்களுக்கும் தெரியாது.
பன்னிரண்டாம் நாள் குதிரைகளை அறுத்தார்கள்.
பதினாறாம் நாள் கூடாரங்களைச் சுருட்டினார்கள்.
மதில்மேல் இருந்தவர்கள்
திரி கொளுத்தவே இல்லை.

திங்களன்று ஓட்டகார் அதை மூன்று முறை பார்த்தார்.
மூன்றாவது முறை நின்றுகொண்டே.

முன்னோட்டக் காணொளி வந்துவிட்டது.
பீரங்கி இருபத்திரண்டு தடவை வெடிக்கிறது.
நடுவில் தங்க எழுத்தில் ஒரு நொடி:
'புதிது! பசியும் ஓர் ஆயுதம்.'
புரோகோப் அதில் இல்லை.
அவன் பெண்டாட்டியின் ஒற்றைத் தட்டும் இல்லை.

இந்த ஊர்ப் பேராலயம்
பதினொன்றுக்கே பன்னிரண்டு அடிக்கும்.
எந்தக் காலத்து முற்றுகையிலோ
ஒரு மணி நேரத்தைத் திருடி
நகரைக் காப்பாற்றியதாகக் கதை.
அந்தப் பிழையை யாரும் திருத்துவதில்லை.

மணி கேட்டதும் சாப்பிட இறங்கினோம்.
தட்டில் குலாஷ், நான்கு துண்டு மாவுருண்டை.
இது யார் அரைத்த மாவு என்று
பரிமாறியவளிடம் கேட்க வாயெடுத்தேன்.
பின்னால் வரிசை நீளமாக இருந்தது.