இறங்காதவர்

எங்கள் பூட்டனார் ஃபிலிதோர் கார்க்கமோ
கடலைக் கடந்தது வீட்டில்.
படகில் அல்ல, வீட்டில்.
சிலோயே தீவுகளில் குடிபெயர்பவர்கள்
சில சமயம் வீட்டையும் கூட்டிக்கொண்டு போவார்கள்.
அடிக்கட்டையிலிருந்து பெயர்த்து
எருதுகள் இழுக்க, ஊர் தள்ள
ஓதம் ஏறும் நேரம் பார்த்து நீரில் விடுவார்கள்.
மிதக்கும்.
பெரும்பாலும்.

அன்று எல்லோரும் இறங்கிவிட்டார்கள், அவரைத் தவிர.
இதுவரை எங்களுக்குள் சண்டையில்லை.

மைத்துனனோடு மனத்தாங்கல்,
அவன் படகில் கால்வைக்க மாட்டேன் என்றாராம்:
இது லுடிவினா அத்தை.
ஒரு மூட்டை உருளைக்கிழங்குக்குப் பந்தயம்:
இது எரிபெர்த்தோ சித்தப்பா.
மூட்டை ஆண்டுக்காண்டு பெருத்து
போன கிறிஸ்துமஸில் கன்றுக்குட்டியாகிவிட்டது.
புந்தா அரேனாஸ் பங்காளிகள்
அவர் மடியில் ஓர் அக்கார்டியனை வைக்கிறார்கள்.
எங்கள் வம்சத்தில் ஒருவருக்கும் தாளம் நிற்காது.
அதையும் நம்பினோம்.

எல்லார் வாயிலும் மாறாதது புகை.
நடுக்கடலில், புகைபோக்கியில்,
நேராக எழுந்த புகை.

நிலத் தகராறுக்கு ஒரு தாள் தேவைப்பட்டு
ஜூலை மழையில் ஆச்சாவ் கோயிலுக்குப் போனேன்.
பதிவேட்டில் ஈரம் ஏறிய பக்கம்:
ஃபிலிதோர் கார்க்கமோ, வயது நாற்பத்தாறு,
நிமோனியா,
1931 மார்ச் மூன்று, செவ்வாய்.
மனைவி ரோசெந்தா உயென்தேயோ.

வீடு கரையேறிய நாளை
தச்சன் வாசல் உத்தரத்தில் செதுக்கியிருக்கிறான்.
சின்ன வயதில் விரல்விட்டுத் தடவிய எழுத்து.
மார்ச் நான்கு.

நான்கு துறைகளிலிருந்து ஆட்கள் வந்தாயிற்று.
ஆடு அறுத்தாயிற்று, ஆப்பிள் கள் திறந்தாயிற்று.
பௌர்ணமி ஓதம் யாருக்காகவும் நிற்காது.
துக்கத்துக்கும் வீடு வேண்டும்,
வீடோ கடலில் இருந்தது.

ஆக, யாரும் பொய் சொல்லவில்லை.
அவர் இறங்கவில்லைதான்.
மைத்துனன் படகில் கால்வைக்கவில்லைதான்.
எல்லோரும் இறங்கினார்கள் என்பதில்தான் இடிக்கிறது.
அடுப்பு தானாக எரியாது.
ஆடும் தரையில், மெழுகுவத்திகளைப் பிடித்துக்கொண்டு
ஈர விறகை ஊதி ஊதி
ஒருத்தி அக்கரைவரை வந்திருக்கிறாள்.
எந்தக் கதையிலும் அவளுக்கு ஒரு முக்காலிகூட இல்லை.

இந்தக் கிறிஸ்துமஸிலும் சித்தப்பா தொண்டையைச் செருமினார்.
பையில் பதிவேட்டின் நகல்.
எடுக்கலாமா என்று பார்த்தேன்.
கன்றுக்குட்டிக்கு இந்த முறை பெயர் வைத்திருந்தார்,
நெற்றியில் வெள்ளைச் சுட்டி வேறு.
எழுந்து போய்
அடுப்பில் ஒரு கட்டை போட்டேன்.