குளிரும் இருட்டும்

ஓல்ட்டனில் நவம்பர் வந்தால்
ஆரெ ஆற்றிலிருந்து புகார் எழும்பி
மூன்றாம் மாடி யன்னலில் வந்து நிற்கும்.
இரவு ஒன்பதே முக்கால்.
இவர் ரயில் கழுவப் போய்விட்டார்.
மகன் படிப்பது லொசானில்.
விட்டுப் போனவை:
ஒரு கம்பளிச் சால்வை, பாதி ஷாம்பு, ஒரு விமானம்.

“பயப்பிடாதேங்கோ அம்மா, இதை உடைக்க ஏலாது”
என்று ஒருமுறை காட்டினான்.
காட்டியது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த விமானம்.
எனக்கு அது ஒட்டவில்லை,
ஆரோ ஏற்றின உலையில்
கரண்டி விடுகிற மாதிரி.

நான் செத்துக் கிடக்கிறதைத்தான் எடுப்பேன்.
சூரிச், ஒதுக்குப்புறமான ஒரு தரிப்பு.
திரையெல்லாம் கரி.

பற்றறி ஒன்று. பற்றறி இரண்டு.
வோல்ட் பார்க்க வேண்டும், இருபத்தைந்தரைக்கு மேல்.
குறைந்தால் இருபது நிமிடம் ஊட்ட வேண்டும்.
ஆஸ்பத்திரியில்
கத்திக்கும் கவ்விக்கும் கிருமி நீக்குகிற பகுதியில்
பதினொரு வருடமாக நிற்கிறேன்.
பட்டியலில் ஒரு வரி தாண்டினால்
அது யாரோ ஒருவரின் வயிற்றுக்குள் தெரியும்.
இது எனக்குப் பெரிய வித்தையில்லை.

பிறகு மஞ்சள்.
தலைக்கு மேல் முழுக்க மஞ்சள்,
பிழை பிழை பிழை என்று,
திங்கட்கிழமை காலை
பிள்ளைகள் காப்பக வாசல் மாதிரி.
ஒன்றும் பிழையில்லை.
மின்சாரம் வந்ததும்
தங்களுக்கு என்ன இல்லையென்று சொல்ல
அவற்றுக்கு வாய் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்தது, நான் எங்கே என்று அது கேட்கும்.
நாற்பத்தேழரைக்குக் கிட்ட வடக்கு, எட்டரை கிழக்கு.
சொன்னாலும் நம்பாது.
ஏழு நிமிடம் அசையாமல் நின்று
பூமி சுழல்வதைத் தானே உணர்ந்துதான்
ஒத்துக்கொள்ளும்.
நடுவில் அசைத்தால் முதலிலிருந்து.
இதைச் சுருக்க ஒரு பொத்தான் இருக்காம், மகன் சொன்னான்.
நான் ஏழு நிமிடமும் இருப்பேன்.
தேத்தண்ணி ஆறும்.

வாலில் இருக்கிற சின்ன எஞ்சினை எழுப்பினதும்
கீழ் வீட்டு ஏபிஷர் விளக்குமாற்றால் இடித்தார்.
பத்து மணிக்குப் பிறகு இந்தக் கட்டடத்தில்
கக்கூசில் தண்ணீர் இழுத்தாலே கடிதம் வரும்.
சத்தத்தைப் பாதியாக்கினேன்.
அதற்குள் வாசலில் மணி.

“திருமதி குகநேசன்,
அது உடுப்புத் தோய்க்கிற மெஷினா?”
“இல்லை. விமானம்.”
இரவு உடுப்போடு கொஞ்சம் யோசித்தார்.
“எங்கே போகிறீர்கள்?”
“எங்கேயும் இல்லை. ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கிறேன்.”
என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து
“கதவு திறந்திருக்கிறது” என்றார்.
வாசல் கதவைச் சாத்தப் போனேன்.
“இது இல்லை. அது.
பின்பக்கம், இடது.”
திரையில் ஒரு மஞ்சள் கோடு.
அவ்வளவும் சொல்லி இறங்கிப் போனார்.

பின்கதவைச் சாத்தினேன்.
பம்புகள் ஆறு. சிவப்பு விளக்கு.
இரண்டாம் எஞ்சின்தான் முதலில்,
ஏனென்று மகனுக்கும் தெரியாது.
இருபது வீதத்துக்குக் கிட்டச் சுற்றினபிறகு தீப்பற்றும்.
வெப்பம் ஏறி, தயங்கி, இறங்கி அமரும்.
மற்றதும் அப்படியே.

மஞ்சள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டு வந்தது.
கடைசியும் அணைந்தபோது
தலைக்கு மேல் திரும்பவும் கறுப்பு.
இதைக் கட்டினவர்களின் வழக்கம் அது:
குறை இருந்தால் விளக்கு,
எல்லாம் நலமென்றால் இருட்டு.

அரை மணித்தியாலத்துக்கு முன்னும்
இதே கறுப்பைத்தான் பார்த்தேன்.

மேசையில் போன் கவிழ்ந்து கிடந்தது.
நாலு நாளாக
லொசானிலிருந்து ஒரு சொல்லும் இல்லை.
திருப்பிப் பார்த்தேன்.
கறுப்பு.
எந்தக் கறுப்பு?

ஓடுபாதைக்குப் போகவில்லை.
ஐந்தரைக்கு வேலை.
எஞ்சின்களை நிறுத்தினேன். சின்னதையும்.
பற்றறி இரண்டு. பற்றறி ஒன்று.

சத்தம் அடங்கினதும்
கீழிருந்து ஒரேயொரு தட்டு,
மெதுவாக,
என்ன நடந்தது என்று கேட்கிற மாதிரி.